விழாத நம்பர்

கோசலையிடம் தொழில் கற்றுக்கொள்ள நஞ்சப்பன் வந்தபோது அவருக்கு ஐம்பது தாண்டியிருந்தது. கற்றுக்கொடுக்கிறவளுக்கு அவரைவிடப் பதினைந்து வயதாவது குறைவு. இருந்தாலும் முதல் நாள் செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் அவர் உள்ளே வந்தார்.

"செருப்போடவே வாங்கண்ணா. பத்த வைக்கற ஈயம் சிந்திக் கெடக்கும், காலைச் சுட்டுரும்" என்றாள் கோசலை.

"படிக்கற எடமுங்க அம்மிணி" என்றார் அவர்.

அன்றிலிருந்து அவள் அவரை அண்ணா என்றும், அவர் அவளை அம்மிணி என்றும் கூப்பிட்டுக்கொண்டார்கள். யாராவது அவளைக் குரு என்று சொன்னால் அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும்.

கோயம்புத்தூரில் காளப்பட்டிப் பக்கம், ஒரு கழிவுப் பஞ்சுக் குடோனுக்குப் பின்னால் இருந்தது அவளுடைய பட்டறை. கரண்டில் ஓடும் ஸ்கேட்போர்டு செய்கிற இடம். ஒரு பலகை, நாலு சக்கரம், அடியில் பேட்டரி, ஒரு மோட்டார். ஏறி நிற்கிறவர் கையில் ஒரு சின்ன ரிமோட். அதில் விரலை முன்னால் தள்ளினால் ஓடும். பின்னால் இழுத்தால் நிற்கும்.

எவ்வளவு வேகமாக ஓட வேண்டும், எவ்வளவு அழுத்தமாக நிற்க வேண்டும் என்பதெல்லாம் கன்ட்ரோலர் என்ற சின்னப் பெட்டியின் பொறுப்பு. அதற்குள் என்ன நம்பர் போட்டிருக்கிறதோ அதன்படி அது நடந்துகொள்ளும். அந்த நம்பர்களைப் போடுவதைத்தான் நஞ்சப்பன் கற்றுக்கொண்டிருந்தார்.

முன்பு அவர் பம்பு மோட்டாருக்குச் செம்புக் கம்பியால் காயில் கட்டியவர். "கம்பி புரியுதுங்க. இந்தப் பொட்டிக்குள்ள இருக்கற புத்திதான் புரிய மாட்டீங்குது" என்பார். பெட்டிக்குள் ஏற்றுகிற மென்பொருளின் பெயரான ஃபர்ம்வேர் என்ற சொல் அவர் வாயில் நுழையவே இல்லை. புத்தி என்றுதான் சொல்வார். போகப்போகக் கோசலைக்கும் அதுவே பழகிவிட்டது.

"அந்தப் போர்டுக்குப் புதுப் புத்தி ஏத்தியாச்சுங்களாண்ணா?"

"ஏத்தியாச்சுங்க. எனக்குத்தான் ஏற மாட்டீங்குது."

அன்று சனிக்கிழமை, மத்தியான நேரம். தகரக் கூரைக்குக் கீழே நல்ல புழுக்கம். அந்த வாரம் புதுப் புத்தி ஒன்று வந்திருந்ததால் பட்டறையிலிருந்த எல்லாப் போர்டுக்கும் அதை மறுபடி ஏற்றவேண்டியிருந்தது. ஏற்றினால் பழைய நம்பரெல்லாம் போய்விடும். திரும்பவும் ஒவ்வொன்றாகப் போடவேண்டும். கோசலை நெற்றியில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு வேலை பார்த்தாள். பேச அவளுக்குத் தெம்பில்லை. நஞ்சப்பனுக்கோ ராத்திரியெல்லாம் தூக்கமே இல்லை.

அவர் முன்னால் இருந்தது அவருடைய மகன் செங்கோடனின் போர்டு.

ஆடி மாதம் மலையடி ரோட்டில் செங்கோடன் விழுந்தான். முழங்கால் உடைந்தது. இப்போது தை. கால் சேர்ந்துவிட்டது. நாளைக் காலையில் சிநேகிதர்களோடு அதே ரோட்டுக்குப் போவதாகச் சொல்லியிருந்தான். சாயங்காலம் போர்டை வாங்க வருவான்.

போர்டின் வயரைக் கம்ப்யூட்டரில் செருகி, நஞ்சப்பன் பட்டனை அமுக்கினார். திரையில் பச்சைக் கோடு ஒன்று மெல்ல நகர ஆரம்பித்தது.

கோடு முடிகிறவரை யாரும் எதையும் தொடக்கூடாது. வயர் ஆடினாலோ, பாதியில் நின்றாலோ, பெட்டி அப்படியே செத்துப்போகும். அதனால் அந்த நேரத்தில் பட்டறையில் ஒருவரும் அசையமாட்டார்கள். கோசலை கையை மடியில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

கோடு முடிந்தது. நஞ்சப்பன் மூச்சு விட்டார்.

"ஏத்தறப்பெல்லாம் கண்ணை மூடிக்கறீங்க. என்னங்க வேண்டிக்குவீங்க?"

"ஒண்ணும் வேண்டறதில்லீங்கண்ணா. கை சும்மா இருக்கோணுமில்லீங்களா? அதுக்குத்தான்."

திரையில் எல்லா நம்பரும் கம்பெனி போட்டு அனுப்பியபடி இருந்தன. கோசலை எட்டிப் பார்த்தாள்.

"தம்பியோட பழைய நம்பரை எடுத்து வச்சுட்டுத்தானுங்களே ஏத்துனீங்க?"

"இல்லீங்க."

"மறந்துட்டீங்களா?"

"மறக்கலீங்க."

அவள் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள்.

"அந்த நம்பர்லதானுங்க அவன் விழுந்தான். அது எதுக்குங்க? போகட்டும்னு உட்டுட்டேன்."

கோசலை டீ குடிக்கச் சொன்னாள். அவருடைய டீ ஏற்கெனவே ஆறி ஆடை கட்டியிருந்தது.

"அம்மிணி."

"சொல்லுங்கண்ணா."

"எந்த நம்பர் போட்டா அவன் விழுக மாட்டான்?"

"சைபர் போடுங்க."

அவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு உண்மையாகவே மோட்டாருக்குப் போகிற கரண்டில் சைபர் போட்டார். போர்டைத் தரையில் வைத்து ரிமோட்டைத் தள்ளினார். சக்கரம் அசையவில்லை. இன்னொரு தடவை தள்ளினார்.

"ஓடலீங்களே."

"விழுகாதுங்க."

"ஓடாதது எப்படீங்க விழுகும்? எங்கூட்டுல குடுத்தா ஊறுகாச் சாடி வைக்கறதுக்காச்சும் ஆகும்."

கோசலை சிரித்தாள். சிரித்ததில் தலைவலி அதிகமானது. நெற்றியைப் பிடித்துக்கொண்டு அடுத்த போர்டுக்குப் போய்விட்டாள்.

நஞ்சப்பனுக்குக் கோபம் வந்தது. கேட்டது ஒரு கேள்வி. அவருக்கு வேண்டியதும் அது ஒன்றுதான். விளையாட்டாகப் பதில் சொன்னால் என்ன செய்வது?

அப்போது வீட்டிலிருந்து போன் வந்தது. மனைவி பொன்னாத்தா.

"நம்பர் போட்டாச்சுங்களா?"

"போட்டுட்டு இருக்கறேன்."

"இப்பத்தான் பிள்ளையாருக்கு ஒரு கொடம் தண்ணி ஊத்திட்டு வாரேன். கம்மியாப் போடுங்க. எல்லாத்தையும் கம்மி பண்ணுங்க, ஒண்ணு உடாம. அவனுக்குச் சொல்லவேண்டாம்."

"சரி."

"சொல்லீறாதீங்க."

"சரீன்னு சொல்லிட்டனல்லோ."

போனை வைத்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, திரையில் மேலிருந்து கீழே ஒவ்வொரு நம்பராகக் குறைத்துக்கொண்டே வந்தார். காய்ச்சல்காரப் பிள்ளைக்குச் சமைக்கிறபோது உப்பைக் குறைத்து, புளியைக் குறைத்து, மிளகாயைக் குறைத்துப் போடுவோமே, அந்த மாதிரி. பெரிய நம்பர் எது கண்ணில் பட்டாலும் அவருக்குப் பகீரென்றது. அதைச் சின்னதாக்கினார். ஆக்க ஆக்க மனசு கொஞ்சம் லேசானது. கடைசியில் சேமிக்கிற பட்டனை அமுக்கிவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

கோசலை பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தாள். அவள் கண் ஒரு வரியில் நின்றது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். பல நாள் கழித்து அந்த மனிதர் அப்போதுதான் நிம்மதியாகக் கண்ணை மூடியிருந்தார்.

கொஞ்ச நேரம் விட்டுத்தான் கேட்டாள்.

"தம்பி வாரதுக்குள்ள ஒருக்கா ஓட்டிப் பாத்துரலாமுங்களாண்ணா?"

"பாத்துரலாமுங்க. யாரு ஓட்டறது?"

"நீங்கதானுங்க."

"நானா?"

அத்தனை போர்டுக்கு நம்பர் போட்டவர், ஒன்றின் மேலும் இதுவரை ஏறி நின்றதில்லை.

"அம்மிணி, என்ற வயசென்ன, என்ற காலென்ன!"

"தம்பிக்குன்னு போட்ட நம்பருங்க. மெதுவாத்தான் போகும். நான் கூடவே வாரேன்."

குடோனுக்கு லாரி வந்து பஞ்சு ஏற்றுகிற இடத்தில் ஒரு சரிவு உண்டு. சரிவு முடிகிற இடத்தில் கோசலை இரண்டு பஞ்சு மூட்டையை இழுத்துப் போட்டாள். மூன்றாவதையும் போட்டாள். நஞ்சப்பன் தலையில் ஹெல்மெட்டை மாட்டி, முழங்காலுக்கு உறையைக் கட்டிவிட்டாள்.

குடோன் வாசலில் உட்கார்ந்து பஞ்சில் தூசி பொறுக்கிக்கொண்டிருந்த மாராத்தா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங் நஞ்சப்பண்ணா, பொண்ணு பாக்கப் போறீங்களா, சண்டைக்குப் போறீங்களா?"

"பேசாம வேலையப் பாரு மாராத்தா."

"பாக்கறனுங். இந்த வேலையும்தான் பாக்கோணும்."

அவர் ஏறினார். கோசலை அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். போர்டு தவழுகிற குழந்தை மாதிரி மெல்ல நகர்ந்தது. நஞ்சப்பன் முகத்தில் சிரிப்பு வந்தது. "பாத்தீங்களா அம்மிணி! எப்படிப் போகுது பாருங்க. பச்சைப் புள்ளையே ஓட்டலாம்."

"கைய உடட்டுங்களாண்ணா?"

"உடுங்க, உடுங்க."

விட்டாள். சரிவு வந்தது. போர்டு தானாகவே வேகம் எடுத்தது. நஞ்சப்பன் ரிமோட்டைப் பின்னால் இழுத்தார். நிற்கவில்லை. இன்னும் இழுத்தார். கட்டை விரல் வலிக்கும்வரை இழுத்தார். மோட்டார் லேசாக முனகியது. அவ்வளவுதான்.

அவர் பஞ்சு மூட்டைக்குள் போய் விழுந்தார்.

"பஞ்சு வேணும்னா கேட்டு வாங்கறதுங்! இப்படித் தலையில முட்டியா வாங்கறது?" என்றாள் மாராத்தா. சொல்லிவிட்டுப் பதறி எழுந்து அவளும் ஓடிவந்தாள்.

ஒன்றும் ஆகவில்லை. முழங்கையில் மட்டும் சிராய்த்திருந்தது. கோசலை அவர் தலையிலிருந்த பஞ்சைப் பிய்த்துப் போட்டாள்.

"பிரேக் புடிச்சனுங்க அம்மிணி. நல்லாத்தான் புடிச்சேன். அது நிக்கலீங்க."

"எல்லாத்தையும் கொறச்சீங்களாண்ணா?"

"எல்லாத்தையும் கொறச்சனுங்க. ஒண்ணு உடாம…"

சொல்லிக்கொண்டே வந்தவர் அங்கேயே நிறுத்தினார்.

எழுந்து பட்டறைக்குள் போனார். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். திரையில் ஒரு வரியில் விரலை வைத்தார். தள்ளுகிற மோட்டாரேதான் பிடித்து நிறுத்துவதும். தள்ளுகிற நம்பருக்கு முன்னால் ஒன்றும் இருக்காது, நிறுத்துகிற நம்பருக்கு முன்னால் மைனஸ் இருக்கும். கம்பெனி அதை மைனஸ் அறுபது என்று போட்டு அனுப்பியிருந்தது. அவர் அதை மைனஸ் எட்டு ஆக்கி, பிரேக்கின் பிடியையே குறைத்திருந்தார்.

"பெரிய நம்பரா இருந்துச்சுங்க. முன்னால மைனஸ் வேற. பயந்துட்டேன்."

அவர் விரல் அந்த வரியிலேயே இருந்தது.

"இதோட அவன் நாளைக்கு மலை ரோட்டுல எறங்கியிருந்தான்னா…"

கோசலை மண்பானையிலிருந்து தண்ணீர் மொண்டு கொடுத்தாள். குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார்.

"நீங்களே போட்டுருங்கம்மிணி. இனி என்ற கை அதைத் தொடவேண்டாம்" என்றார்.

"எனக்குத் தெரியாதுங்கண்ணா."

"உங்களுக்குத் தெரியாத நம்பருங்களா?"

"என்ற காலு அது மேல நிக்கப் போறதில்லீங்களே."

"எனக்கு அசதியா இருக்குதுங்க. இப்படிப் பேசாதீங்க. நேரா ஒரு பதில் சொல்லுங்க."

"எனக்கும் அசதியாத்தானுங்கண்ணா இருக்குது" என்றாள் அவள். உண்மையாகத்தான் சொன்னாள்.

வாசலில் நிழல் தட்டியது. செங்கோடன் வந்திருந்தான். ஆள் மெலிந்திருந்தான். வலது காலை வைக்கும்போது மட்டும் ஒரு யோசனை தெரிந்தது.

"வாங்க தம்பி" என்றாள் கோசலை.

"ஆயிருச்சுங்களாக்கா?"

அவள் நஞ்சப்பனைப் பார்த்தாள். அவர் முழங்கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"கையில என்னங்கப்பா?"

"ஒண்ணுமில்ல சாமி."

குடோன் வாசலிலிருந்து மாராத்தாவின் குரல் வந்தது. "ஒண்ணுமில்லையா? உங்கப்பன் போர்டுல பறந்து வந்து எங்க பஞ்சு மூட்டையில எறங்குனாருப்பா! ஏரோப்ளேன் தோத்துது போ!"

செங்கோடனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆடிக்குப் பிறகு அவன் சிரித்து அவர் பார்க்கவில்லை.

"நீங்க போர்டு ஓட்டுனீங்களா? நீங்களா?"

"பிரேக் புடிக்கல."

"எவ்வளவு போட்டிருந்தீங்க?"

சொல்லவேண்டாம் என்றுதான் பொன்னாத்தா சொல்லியிருந்தாள். நஞ்சப்பன் கோசலையைப் பார்த்தார். கோசலை தன் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எட்டு" என்றார்.

செங்கோடனின் சிரிப்பு போய்விட்டது. அவன் திரையருகில் போய்க் குனிந்து பார்த்தான். மேலிருந்து கீழே எல்லாவற்றையும் பார்த்தான்.

"இது எனக்குங்களா?"

அவர் தலையாட்டினார்.

"ஓட்டவேண்டாம்னா நேராச் சொல்லியிருக்கலாமுங்கப்பா. எனக்குத் தெரியாம இப்படிப் பண்ணிக் குடுத்திருந்தீங்கன்னா?"

"நீ விழுகக்கூடாதுன்னுதான் சாமி…"

"இதுலயா விழுகாம இருப்பேன்?"

பையன் போர்டை எடுத்துக்கொண்டு அப்படியே வேறு பட்டறைக்குப் போய்விடுவான் என்று நஞ்சப்பனுக்குத் தோன்றியது. வீட்டிலும் இனி பேசமாட்டான். இத்தனை நாளும் அவனிடம் என்ன பேசினார்கள், சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, அதோடு சரி. நல்ல ஆஸ்பத்திரியாகப் பார்த்துக் காட்டினார். நல்ல எலும்புச் சூப்பு வைத்துக் கொடுத்தாள் அவன் அம்மா. ஒன்றை மட்டும் இருவருமே கேட்கவில்லை. கேட்டால் அழுதுவிடுவோமோ என்று பயம்.

அதை இப்போது கேட்டார்.

"அன்னிக்கு எப்படிச் சாமி விழுந்தே?"

செங்கோடன் நிமிர்ந்தான்.

"இப்பத்தான் கேக்கறீங்க."

"ஆமா. இப்பத்தான் கேக்கறேன்."

அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். வலது காலை நீட்டிக்கொண்டான்.

"வளைவுல ஒரு ஆட்டுக்குட்டி நின்னுச்சுங்கப்பா. பொறந்து நாலஞ்சு நாளு இருக்கும். ரோட்டு நடுவுல. நான் பிரேக் புடிச்சேன்."

"புடிக்கலையா?"

"நல்லாத்தான் புடிச்சுது. எனக்குத்தான் பத்தாதுன்னு தோணுச்சு. குட்டி மேல ஏறீரும்னு பயந்து, ரிமோட்டை இழுத்துப் புடிச்சபடியே குதிச்சுட்டேன். பள்ளத்துல போய்க் கெடந்தேன். தலையத் தூக்கிப் பாத்தா, போர்டு குட்டிக்கு முன்னால நின்னுட்டிருக்குது. குட்டி அதை மோந்து பாத்துட்டு இருக்குது."

நஞ்சப்பன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அந்த நம்பர்தான் எனக்கு வேணும். அது என்னைக் கைவிடல. போடுங்கப்பா."

"அழிச்சுட்டேன் சாமி."

"எதுக்கு?"

"அதுலதான் நீ விழுந்தேன்னு…"

செங்கோடன் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான். கோபப்படத்தான் நினைத்தான் போலிருக்கிறது. அவர் தலைமுடியில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்த பஞ்சைப் பார்த்தானோ என்னவோ, எழுந்து வந்து அதை எடுத்துப் போட்டான்.

"மனப்பாடமா இருக்குதுங்களா?"

"இல்ல."

"எனக்கும் இல்ல. சரி வாங்க, தேடுவோம்."

சரிவில் வைத்து நம்பரை மாற்றுவதற்குக் கம்ப்யூட்டர் வயர் எட்டாது. நஞ்சப்பன் தன் போனை எடுத்துப் போர்டோடு சேர்த்துக்கொண்டார். போர்டு பக்கத்தில் இருக்கிறவரை போனிலேயே நம்பரைப் போடலாம். கோசலை மூட்டையை மறுபடி சரியாக அடுக்கிவிட்டு, சுவரோரம் உட்கார்ந்து தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

செங்கோடன் சரிவில் இறங்கிப் பிரேக் பிடித்தான்.

"பத்தல."

நஞ்சப்பன் ஏற்றினார்.

"இப்ப?"

"இன்னும் கொஞ்சம்."

"இப்ப?"

"இது முரட்டுத்தனமா இழுக்குதுங்கப்பா. ஆளை முன்னால தூக்கி வீசுது."

அவர் குறைத்தார். அவன் மறுபடி மேலே ஏறி வந்தான். மறுபடி இறங்கினான். அவன் இடது காலை முன்னால் வைத்து நிற்கிறவன் என்பதே அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பிரேக் பிடிக்கும் முன்னால் இடுப்பைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொள்கிறான் என்பதும் தெரிந்தது. சின்ன வயதில் கிணற்றில் குதிக்கும் முன்னாலும் அவன் அப்படித்தான் நிற்பான்.

மாராத்தா வேலை முடித்துப் புடவையிலிருந்த பஞ்சைத் தட்டிக்கொண்டு கிளம்பினாள். "அப்பனும் மவனும் எங்க குடோனைத் தேச்சே தீத்துருவீங்க போலிருக்குது" என்று சொல்லிக்கொண்டே போனாள். வெயில் தணிந்தது. நஞ்சப்பனுக்குக் கால் கடுத்தது. அவர் உட்காரவில்லை.

ஒரு தடவை செங்கோடன் இறங்கினான், பிடித்தான், நின்றான். பத்தல என்று சொல்லவில்லை. ஜாஸ்தி என்றும் சொல்லவில்லை. நின்றபடியே தன் காலடியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதுங்களா?" என்றார் அப்பா. மகனிடம் அவருக்கு மரியாதை தானாக வந்துவிட்டது.

"இதுதானுங்கப்பா."

அவர் சேமித்தார். என்ன நம்பர் என்று கோசலை கேட்கவில்லை.

செங்கோடன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான். "நான் இப்படியே வீட்டுக்குப் போறேன். அம்மாகிட்ட ஓட்டிக் காட்டோணும். வாரேனுங்கக்கா."

"பாத்துப் போங்க தம்பி."

"நானும் வாரேன் சாமி, கொஞ்சம் பொறு" என்றார் நஞ்சப்பன்.

"நீங்க ஸ்கூட்டர்ல மெதுவா வாங்கப்பா."

கேட்டைத் தாண்டி ரோட்டில் ஏறினான். போர்டு சத்தமில்லாமல் போனது. நஞ்சப்பன் கேட்டு வரைக்கும் ஓடினார். கையில் போன். திரையில் போர்டு இன்னும் சேர்ந்தே இருந்தது. அவன் போகிற வேகம் அதில் நம்பராக ஏறிக்கொண்டே வந்தது. அதற்குக் கீழே, இதற்குமேல் போகக்கூடாது என்று வரம்பு வைக்கிற வரி. தொட்டால் போதும். அவர் கட்டை விரல் அதன் மேல் நின்றது.

கோசலை எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள்.

"இப்பக்கூடக் கொறைக்கலாமுங்க அம்மிணி. அவனுக்குத் தெரியாது."

"கொறைக்கலாமுங்க."

அவர் தொடவில்லை. விரலை எடுக்கவும் இல்லை. வேகம் ஏறியது. அவர் உதடு மட்டும் முருகா, முருகா என்று அசைந்தது.

செங்கோடன் பேக்கரிக் கடை முனையில் திரும்பினான். ஆள் மறைந்தது. திரையிலிருந்த நம்பரெல்லாம் ஒரே சமயத்தில் போய்விட்டது.

நஞ்சப்பன் போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார். கால் விரலில் எம்பிக்கூடப் பார்த்தார்.

"அம்மிணி, லைன் போயிருச்சுங்க."

கோசலை கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, காலியாகக் கிடந்த ரோட்டைப் பார்த்தாள்.

"ரிமோட்டு தம்பி கையிலதானுங்கண்ணா இருக்குது."